நோயுற்ற குழந்தையின் கட்டில் மேடையல்ல

உயிருக்குப் போராடும் குழந்தைகள் படுத்திருக்கும் வார்டுக்குள் ஒலிபெருக்கியையும் புகைப்படக்காரரையும் அழைத்துப் போய், அரை மணி நேரம் பாடிவிட்டு, அதற்கு ‘இசை சிகிச்சை’ என்று பெயர் சூட்டி அறிக்கை எழுதும் வழக்கம் நம் மருத்துவமனைகளில் வேரூன்றிவிட்டது. அரசு மருத்துவமனை, அறக்கட்டளை மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்ற வேறுபாடு இதில் இல்லை. இந்த வழக்கத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம். இது உடனே நிறுத்தப்பட வேண்டும். நிறுத்தினால் மட்டும் போதாது. அந்தப் பெயருக்கு உரிய உண்மையான பணி, அதைக் கற்றவர்களின் கையில், ஒழுங்காகத் தொடங்கப்பட வேண்டும்.

பாட வருகிறவர்களை நாம் குறை சொல்லவில்லை. இசைக் கல்லூரி மாணவர்கள், மெல்லிசைக் குழுவினர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று வருகிற பலரும் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். அவர்களைக் கூட்டி வந்து, எங்கே நிற்பது, எவ்வளவு சத்தம் வைப்பது, எந்தக் குழந்தையை நெருங்கக் கூடாது என்று எதையும் சொல்லாமல் வார்டுக்குள் விடுகிற நிர்வாகம்தான் குற்றவாளி. தேர்ந்த மருத்துவர்கள் பணியாற்றும் இடத்தில், கிருமித் தொற்றுக்கு அஞ்சிக் கதவுக்குக் கதவு அறிவிப்பு ஒட்டியிருக்கும் இடத்தில், விழா நாள் என்றால் மட்டும் எல்லா விதியும் தளர்ந்துபோவது எப்படி?

அண்மையில் ஒரு பெரிய மருத்துவமனையின் குழந்தைகள் புற்றுநோய் வார்டில் நாம் நேரில் கண்டதைச் சொல்கிறோம். செவிலியர் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள் வைக்கப்பட்டிருந்தன. புரவலரின் பெயர் பொறித்த பேனரின் ஒரு முனையை ஜன்னல் கம்பியிலும் மறுமுனையை ட்ரிப்ஸ் ஸ்டாண்டிலும் கட்டியிருந்தார்கள். பாடகர்கள், வாத்தியக்காரர்கள், விருந்தினர்கள், அவர்களோடு வந்தவர்கள் என ஒரு கூட்டமே உள்ளே நுழைந்தது. ரத்த வெள்ளணுக்களின் கவுன்ட் குறைந்துவிட்டது என்று சொந்தப் பாட்டியைக்கூட வாசலோடு நிறுத்திவைத்திருந்த குழந்தைகள் அங்கே படுத்திருந்தார்கள்.

மூன்றாவது கட்டிலில் ஏழு வயதிருக்கும் ஒரு பையன். அன்று காலைதான் முதுகுத் தண்டில் ஊசி போட்டிருந்தார்கள். அந்த ஊசிக்குப் பிறகு தலையணை வைக்காமல் நேராகப் படுத்திருக்கச் சொல்வது வழக்கம்; எழுந்து உட்கார்ந்தால் சிலருக்குத் தலை பிளக்கும். முதல் பாட்டு தொடங்கியதுமே அவன் சுவர்ப் பக்கம் திரும்பித் துண்டை இழுத்துத் தலையை மூடிக்கொண்டான். அம்மா பதறிப்போய் துண்டை விலக்கினார். “கண்ணு, சாரெல்லாம் உன்னையப் பாக்கத்தான் வந்திருக்காங்க. செத்த எந்திரிச்சு உக்காரு சாமி.” அவன் உட்கார்ந்தான். ஒருவர் அவன் கையில் ஒரு குலுக்கி வாத்தியத்தைத் திணித்தார். அது மடியில் விழுந்தது. மறுபடியும் எடுத்துக் கொடுத்து, விரல்களை மடக்கிப் பிடிக்கவைத்து, படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் அடுத்த கட்டிலில் மருந்து ஏற்றும் பம்பு அலாரம் அடித்துக்கொண்டிருந்தது. பாட்டுச் சத்தத்தில் அது செவிலியர் காதில் விழவில்லை. அந்தக் கட்டிலின் அம்மா எழுந்து ஓடிப்போய்ச் செவிலியரின் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

மறுநாள் அந்த மருத்துவமனையின் இணையப் பக்கத்தில் வெளிவந்த படத்துக்குக் கீழே, குழந்தைகள் இசை சிகிச்சையில் மகிழ்ந்தனர் என்று எழுதியிருந்தது.

அந்த வார்டில் நடந்த தவறுகளில் மிகப் பெரியது சத்தம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சத்தம் தவறுதான். ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டிலேயே மருத்துவமனையைச் சுற்றி நூறு மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்க வழிசெய்துவிட்டன. அந்த மண்டலத்துக்குப் பகலில் 50 டெசிபல், இரவில் 40 டெசிபல் என்று வரம்பு கட்டியிருக்கின்றன. வெளியே சாலையில் ஹார்ன் அடிக்கக் கூடாது என்று பலகை வைத்துவிட்டு உள்ளே பெட்டியை அலறவிடுவது பெருங்குற்றம். ஆனால் அதைவிடப் பெரிய தவறு, அந்தப் பையனிடம் ஒருவரும் “பாட்டு வேணுமா?” என்று கேட்கவில்லை என்பது.

நீண்ட நாள் நோயில் கிடக்கும் குழந்தைக்கு ஒரு நாளில் என்னென்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். விடியற்காலையில் எழுப்பி ரத்தம் எடுக்கிறார்கள். நரம்பு கிடைக்காமல் வென்ஃப்ளான் ஊசியை இடம் மாற்றி மாற்றிக் குத்துகிறார்கள். பசிக்கும்போது சாப்பிடக் கூடாது என்கிறார்கள். குமட்டும்போது சாப்பிடு என்கிறார்கள். மாத்திரையைத் துப்பினால் மறுபடி ஊட்டுகிறார்கள். இவை எல்லாம் தேவைதான். தவிர்க்க முடியாதவைதான். ஆனால் இதற்கெல்லாம் நடுவில் அந்தக் குழந்தை “வேண்டாம்” என்று சொல்லும் சொல்லுக்கு மதிப்பே இல்லாமல் போய்விடுகிறது. அதன் உடம்பில் அதற்கே உரிமை இல்லை. பயிற்சி பெற்ற இசை சிகிச்சையாளர் அந்த வார்டுக்குள் கொண்டுவரும் முதல் மருந்து அந்தச் சொல்லைத் திருப்பிக் கொடுப்பதுதான். பாட்டு வேண்டாம் என்றால் அவர் போய்விடுவார், நாளை வருவார். கையைத் தூக்கினால் வாசிப்பை நிறுத்துவார், இறக்கினால் தொடங்குவார். நாள் முழுக்க ஊசிக்கும் மாத்திரைக்கும் அடங்கிக் கிடந்த பிள்ளை, ஒரு பெரிய மனிதரைத் தன் ஒற்றை விரலால் நிறுத்திவைக்கிறது. நம் மருத்துவமனைகள் நடத்தும் நிகழ்ச்சியோ, குழந்தையிடம் மிச்சமிருந்த அந்த ஒரு உரிமையையும் பறித்துக்கொள்கிறது.

இந்த வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதை நிர்வாகிகள் ஒருமுறையாவது பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். சிகிச்சையாளர் தனியாக வருவார். நோயாளியின் கோப்பைப் படித்திருப்பார். இன்று கவுன்ட் எவ்வளவு, ராத்திரி தூங்கியதா, காய்ச்சல் உண்டா என்று செவிலியரிடம் கேட்டுக்கொள்வார். கையைக் கழுவிக்கொண்டு, கொண்டுவந்த சிறு மேளத்தையும் குலுக்கியையும் கிருமிநாசினியால் துடைப்பார். துடைக்க முடியாத வாத்தியத்தைத் தொற்று அபாயம் உள்ள கட்டிலுக்கு எடுத்துப்போக மாட்டார். குழந்தையின் கண்மட்டத்துக்குத் தாழ்ந்து உட்காருவார். அழுதுகொண்டிருக்கும் குழந்தையிடம் உற்சாகப் பாட்டைத் தொடங்க மாட்டார். அதன் மூச்சின் வேகத்தைக் கவனித்து அந்த வேகத்திலேயே வாசிப்பை ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தாளத்தைத் தளர்த்திக்கொண்டே போவார். மூச்சும் கூடவே தணியும். நோயாளி இருக்கும் மனநிலையில் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து கையைப் பிடித்து அழைத்து வரும் இந்த முறையை 1940களிலேயே வகுத்துச் சொல்லிவிட்டார்கள்.

எந்தப் பாட்டை எப்போது பாடக் கூடாது என்பதையும் அவர் படித்திருப்பார். கீமோ ஏறும்போது குழந்தைக்கு மிகப் பிடித்த பாட்டையே போட்டால், அந்தப் பாட்டும் வாந்தியும் மூளையில் ஒன்றாகப் பின்னிக்கொள்ளும் ஆபத்து உண்டு. மருத்துவமனை வாசலைப் பார்த்ததுமே சில குழந்தைகளுக்குக் குமட்டுகிறதே, அதே பழக்கம்தான் பாட்டிலும் ஒட்டிக்கொள்ளும். நோய் தீர்ந்து வீட்டுக்குப் போன பிறகும், அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் வயிறு புரளும். ஆகவே பிடித்த பாட்டைக் கீமோ நேரத்துக்கு வெளியே பத்திரமாக வைத்திருக்க வேண்டும். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும், தொற்றுக்குக் கொடுக்கும் அமிகாசின், ஜென்டாமைசின் போன்ற மருந்துகளும் கேட்கும் திறனைப் பாதிக்கக் கூடியவை; உயர்ந்த சுருதிகளைக் கேட்கும் சக்திதான் முதலில் போகும், போனது திரும்புவதில்லை. இந்த மருந்துகள் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் காதருகேதான் ஒலிபெருக்கியை வைக்கிறோம். அனுமதிச் சீட்டில் கையெழுத்திட்ட அதிகாரி யார்? அவர் அந்த வார்டின் மருந்துப் பட்டியலைப் பார்த்தாரா? புற்றுநோய் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டாரா?

இசையால் இந்தக் குழந்தைகளுக்கு நன்மை உண்டு என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. எவ்வளவு நன்மை, எதில் நன்மை என்பதைத்தான் அளந்து பேச வேண்டும். வியட்நாமின் ஹனோயில் ரத்தப் புற்றுநோய் கொண்ட 40 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது, 2010இல் வெளிவந்தது. முதுகுத் தண்டு ஊசியின்போது ஹெட்ஃபோனில் பாட்டுக் கேட்ட குழந்தைகளுக்கு, பாட்டில்லாமல் வெறும் ஹெட்ஃபோன் மட்டும் மாட்டிக்கொண்ட குழந்தைகளைவிட வலியும் பதற்றமும் குறைவாக இருந்தன. இதயத் துடிப்பும் மூச்சும் நிதானமாக இருந்தன. கனடாவில் அவசரப் பிரிவுக்கு வந்த 42 குழந்தைகளுக்கு நரம்பில் ஊசி ஏற்றும்போது இசை ஒலிக்கவிட்டுப் பார்த்த ஆய்வும் சில நல்ல குறிகளைக் காட்டியது. எளிய ஏற்பாடு, சிறிய செலவு, உண்மையான பலன்.

அதே சமயம், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, புற்றுநோயாளிகளுக்கு இசை தரும் பயன் பற்றி 2021இல் வெளியிட்ட மதிப்பாய்வைப் பாருங்கள். மொத்தம் 81 ஆய்வுகள். அவற்றில் குழந்தைகளைப் பற்றியவை 7. அந்த ஏழிலும் சேர்த்து 270 பிள்ளைகள். பதற்றம் குறையலாம் என்று நம்ப இடம் தரும் அளவு இது. புற்றுநோய் தீரும் என்று சொல்ல ஒரு வரிகூட அதில் இல்லை. இப்படியிருக்க, ரத்த அழுத்தத்துக்கு ஒரு ராகம், சர்க்கரைக்கு ஒரு ராகம், புற்றுநோய்க்கு ஒரு ராகம் என்று அட்டவணை அச்சிட்டு விற்பவர்களை மருத்துவமனை வளாகத்துக்குள் கருத்தரங்கு நடத்த அனுமதிப்பது மன்னிக்க முடியாத செயல். புற்றுநோயைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடுக்கிறது. லேகியத்துக்கும் மந்திரத் தகட்டுக்கும் ஒரு நியாயம், ராக அட்டவணைக்கு ஒரு நியாயம் இருக்க முடியாது. அப்படிப்பட்ட ஒரு பேச்சை நம்பி ஒரே ஒரு தகப்பன் தன் மகளின் கீமோவை இரண்டு வாரம் தள்ளிப்போட்டாலும், அதற்கு மேடை கொடுத்த நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டும்.

இசையால் அற்புதம் நடக்கும் என்ற ஆசையில் உலகம் முன்பே ஒருமுறை ஏமாந்திருக்கிறது. 1993இல் கலிபோர்னியாவில் 36 கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஒரு சிறு சோதனையில், மொசார்ட் இசையைக் கேட்ட பிறகு இடஞ்சார்ந்த புதிர்களை விடுவிக்கும் திறன் பத்துப் பதினைந்து நிமிடம் கூடியிருந்தது. அவ்வளவுதான். ஐந்தே ஆண்டில் அது, மொசார்ட் கேட்டால் குழந்தை அறிவாளியாகும் என்று ஊதிப் பெருக்கப்பட்டு, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு வழங்க அரசுப் பணம் கேட்கும் அளவுக்குப் போனது. அந்த மாணவர்களில் ஒருவர்கூடக் கைக்குழந்தை இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

நம் மண்ணில் இதைவிட நல்ல முன்மாதிரி உண்டு. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவர். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற மாபெரும் இசை நூலை வெளியிட்டவர். சுருதிகள் எத்தனை என்ற கேள்விக்கு அவர் பழமையின் பெருமையைப் பேசி ஓய்ந்துவிடவில்லை. பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டு, மாநாடு கூட்டி, மாற்றுக் கருத்துக்காரர்களை அழைத்து வாதிட்டார். அவர் பிறந்த நாட்டில் இசையையும் மருத்துவத்தையும் சேர்த்துப் பேசுகிறவர்கள் கணக்கைக் கண்டு ஓடக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீலாம்பரியைத் தாலாட்டோடு கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது இதம் தரும். அந்த ராகத்தைக் காதால் கேட்டே அறியாத பிள்ளைக்கு அது அயலார் வீட்டுச் சத்தம். வியாசர்பாடியிலிருந்து வந்த பையனுக்குக் கானாவும், மேல்மலையனூர்ப் பக்கத்துச் சிறுமிக்கு அங்காளம்மன் பாட்டும், இன்னொரு பிள்ளைக்குக் கார்ட்டூன் பாட்டும் இதம் தரலாம். எது உயர்ந்த இசை என்று தீர்ப்புச் சொல்ல வார்டு இடமல்ல. மரபிசை என்ற பெயரால் குழந்தையின் சொந்தப் பாட்டைத் தள்ளிவைப்பவர் எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் அந்தக் கட்டிலருகே அவருக்கு வேலையில்லை.

பிற நாடுகள் இதை ஒரு தொழிலாக, மருத்துவத்தின் ஒரு கிளையாக வளர்த்திருக்கின்றன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 1944இலேயே இதற்குப் பட்டப்படிப்பு தொடங்கிவிட்டது. இன்று அந்த நாட்டில் பட்டமும், 1,200 மணி நேரப் பயிற்சியும், தேர்வும் முடித்தவர்தான் சான்று பெற்ற இசை சிகிச்சையாளர். பிரிட்டனில் ‘இசை சிகிச்சையாளர்’ என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பதிவு பெறாதவர் தன் பெயருக்குப் பின்னால் அதைப் போட்டுக்கொள்வது குற்றம். இங்கே வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் பலகை மாட்டலாம். 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் பட்டியலில் ஓவியம், நடனம், அசைவு சார்ந்த சிகிச்சையாளர்களுக்குப் பெயர் சொல்லி இடம் தந்திருக்கிறார்கள். இசைக்குத் தனியாகப் பெயர் சொல்லி இடம் தரவில்லை. இந்த விடுபடலை ஒன்றிய அரசு திருத்தியாக வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை அவையில் எழுப்ப வேண்டும்.

ஆனால் தமிழ்நாடு டெல்லியைக் காரணம் காட்டிக் கைகட்டி நிற்க முடியாது. பக்கத்தில் புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகம் இசை சிகிச்சைக்கென்றே மையம் அமைத்துப் படிப்பு நடத்திக் காட்டியிருக்கிறது. சென்னையில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2013இல் தொடங்கிய இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகமும் இதே ஊரில் இருக்கிறது. சென்னை, மதுரை, கோவை, திருவையாறு என்று நான்கு அரசு இசைக் கல்லூரிகள் ஆண்டுதோறும் பட்டதாரிகளை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அவர்களில் பலர் வேலையில்லாமல் கச்சேரிக்கும் டியூஷனுக்கும் அலைகிறார்கள். இரண்டு துணைவேந்தர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம் இத்தனை ஆண்டாக நடக்கவில்லை என்றால், அதைச் சோம்பல் என்றுதான் சொல்ல வேண்டும்.

மருந்துக்கே பணம் போதவில்லை, இசைக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மருந்தா இசையா என்ற நிலை வந்தால் மருந்துதான். வலி மருந்துக்குப் பதிலாக இசை என்று யாராவது சொன்னால் அவரையும் இதே குரலில் கண்டிப்போம். மயக்க மருந்தும் மார்ஃபினும் கொடுக்க வேண்டிய இடத்தில் அவற்றைக் கொடுக்காமல், பாட்டுப் போட்டுக் குழந்தையை அழுத்திப் பிடித்துக்கொள்வது கொடுமை. வலி தணிப்பு முதலில் சரியாக இருக்க வேண்டும். அதற்கு மேல்தான் இசை. ஆனால் பணம் இல்லை என்ற பேச்சை நம்பமுடியவில்லை. பேனருக்கும் பந்தலுக்கும் பொன்னாடைக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கும் விருந்தினர் சிற்றுண்டிக்கும் புரவலர்கள் கிடைக்கிறார்கள். அதே புரவலரிடம் ஒரு பணியிடத்துக்கு ஓராண்டுச் சம்பளம் கேட்டால் என்ன? படத்தில் முகம் விழாது என்பதால் கொடுக்க மாட்டார் என்று நிர்வாகமே முடிவு செய்துகொள்கிறது. கேட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

குழந்தையைப் பற்றி மட்டும் பேசினால் பாதிதான் பேசியதாகும். தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் சென்னைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மா, மாதக்கணக்கில் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுக்கிறாள். அப்பா ஊரில் கூலி வேலைக்குப் போனால்தான் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் பணம் வரும். மூத்த பிள்ளையோ இளைய பிள்ளையோ பாட்டி வீட்டில் இருக்கிறது. ஒரு அட்டெண்டருக்கு மேல் அனுமதியில்லை என்பதால் அதற்குத் தன் உடன்பிறப்பைப் பார்க்கக்கூட முடியாது. அந்த அம்மாவுக்கு வார்டில் என்ன வேலை? கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அழுத்திப் பிடிக்க வேண்டும், மருந்துச் சீட்டோடு ஓட வேண்டும். பெற்ற பிள்ளையைத் தேற்றும் வேலையை மட்டும் அவளிடமிருந்து நாம் வாங்கிக்கொண்டுவிட்டோம்.

நியூயார்க்கைச் சேர்ந்த ஜோஆன் லோவி என்ற இசை சிகிச்சையாளர் தலைமையில் 11 மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. குறைமாதத்தில் பிறந்து நோயோடு போராடிய 272 குழந்தைகள் அதில் இருந்தார்கள். பெற்றோருக்குச் சொந்தமான, அவர்களே விரும்பிச் சொன்ன ஒரு பாட்டைத் தாலாட்டின் நடைக்கு மாற்றி, குழந்தையின் மூச்சுக்கு இசைவாக மெல்லிய குரலில் பாடினார்கள். குழந்தைகளின் இதயத் துடிப்பு தணிந்தது. பெற்றோரின் மனப்பதற்றமும் குறைந்தது. அந்த இரண்டாவது செய்திதான் நம் நிர்வாகிகளின் கண்ணில் பட வேண்டியது. இந்தத் தமிழ்நாட்டில் தாலாட்டுத் தெரியாத பாட்டி அரிது. பாட்டில் மாமனையும் அத்தையையும் வரிசையாகக் கூப்பிட்டுக் குழந்தையைச் சொந்தத்துக்கு நடுவில் படுக்கவைக்கும் கலை நம் பெண்களிடம் இருக்கிறது. அந்தப் பெண்ணை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, அவள் பிள்ளைக்கு ஒலிபெருக்கியில் திரைப்பாட்டைப் போடுகிறோம். அவள் பாடினால் அடுத்த கட்டிலுக்குத் தொந்தரவு என்று வாயை அடைத்த வார்டுகளும் உண்டு.

வளர்ந்த பிள்ளைகளுக்கும் இந்தப் பலன் உண்டு. எலும்பு மஜ்ஜை மாற்றுக்காகத் தனியறையில் அடைபட்டிருந்த 11 முதல் 24 வயது வரையிலான 113 பேரை அமெரிக்காவில் ஷெரி ராப் என்பவரின் குழு ஆராய்ந்தது. முடிவு 2014இல் வெளிவந்தது. சிகிச்சையாளரின் துணையோடு தாங்களே பாட்டெழுதி, பாடி, அதற்குப் படமும் தொகுத்தவர்கள், ஒலிநூல் கேட்டவர்களைவிடத் துணிவோடு நோயை எதிர்கொண்டார்கள். நூறு நாள் கழித்துப் பார்த்தபோது குடும்பத்துக்குள் ஒட்டுதலும் கூடியிருந்தது. பதினாலு வயதில் நோய் வந்தால் பல பிள்ளைகள் பேச்சையே நிறுத்திவிடுவார்கள். அம்மாவை அழவைக்கக் கூடாது என்று சொல்ல வந்ததை விழுங்குவார்கள். பேச முடியாததை அந்தப் பிள்ளைகள் பாட்டாக எழுதினார்கள், பெற்றோர் கேட்டார்கள்.

காப்பாற்ற முடியாத குழந்தைகளின் குடும்பத்தை நம் மருத்துவமனைகள் எப்படி அனுப்பிவைக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். பில்லைக் கட்டச் சொல்லி, சான்றிதழில் கையெழுத்து வாங்கி, ஆம்புலன்ஸ் எண்ணைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் பிரையன் ஷ்ரெக் என்ற இசை சிகிச்சையாளர், குழந்தையின் இதயத் துடிப்பைப் பதிவு செய்து, அதையே தாளமாக வைத்து, அந்தக் குடும்பத்துக்குப் பிடித்த பாட்டை இசைத்துப் பெற்றோர் கையில் கொடுக்கும் பணியைத் தொடங்கினார். ஒரு ஸ்டெதஸ்கோப்பும் ஒரு ஒலிவாங்கியும் இருந்தால் செய்யக்கூடியது. செய்ய வேண்டும் என்று நினைக்கும் ஓர் ஆள் அந்தக் கட்டிடத்துக்குள் சம்பளத்தில் இருக்க வேண்டும், அதுதான் தேவை. நம் பெற்றோருக்கு நாம் விட்டுவைப்பதோ, மருத்துவமனையின் முகநூல் பக்கத்தில் விருந்தினர் தோளில் கைபோட்டபடி நிற்க, முடி கொட்டிய தலையோடு பிள்ளை அமர்ந்திருக்கும் ஒரு விளம்பரப் படம். பிள்ளை போன பிறகும் அது அங்கேயே கிடக்கிறது.

அந்தப் படங்களைப் பற்றி ஒரு சொல். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. இலவச சிகிச்சைக்காகக் காத்திருக்கும் தாயிடம், வார்டு முழுக்க ஆட்கள் நிற்கும்போது, “போட்டோ எடுத்துக்கலாமாம்மா?” என்று கேட்பது ஒப்புதல் பெறுவதாகாது. மறுத்தால் நாளைக்கு நம் பிள்ளையைச் சரியாகக் கவனிப்பார்களா என்று அவள் பயப்படுகிறாள். பயத்தில் சொன்ன சம்மதத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ள எந்த மருத்துவமனைக்கும் உரிமை இல்லை.

ஆகவே சுகாதாரத் துறையிடம் நாம் கேட்பது இது. குழந்தைகள் தீவிர நோய்ப் பிரிவுகளுக்குள் ஒலிபெருக்கி, கூட்டம், பேனர், புகைப்படம் ஆகியவற்றுக்கு முழுத் தடை விதித்து ஓர் ஆணை வெளியிட வேண்டும். பாட விரும்பும் நல்ல உள்ளங்களுக்குப் புறநோயாளிகள் கூடத்திலோ திறந்தவெளியிலோ இடம் கொடுங்கள், வர முடிந்த குழந்தைகள் விரும்பினால் வரட்டும். அதைக் கலை நிகழ்ச்சி என்றே அழையுங்கள். குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவு உள்ள ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் பயிற்சி பெற்ற ஓர் இசை சிகிச்சையாளர் பணியிடத்தை உருவாக்க வேண்டும். அவர் மக்கள் தொடர்பு அதிகாரிக்குக் கீழே இருக்கக் கூடாது. புற்றுநோய் மருத்துவரும் வலி தணிப்புப் பிரிவும் இருக்கும் குழுவில் உட்கார வேண்டும், ஒவ்வொரு சந்திப்பையும் கோப்பில் எழுத வேண்டும். அதுவரை செவிலியர்களுக்காவது, ஊசி நேரத்தில் பதிவு செய்த இசையை எப்படி, எவ்வளவு சத்தத்தில், யார் விருப்பப்படி பயன்படுத்துவது என்று பயிற்சி கொடுங்கள். தாய் பாட விரும்பினால் பாட இடம் கொடுங்கள். ஊரில் இருக்கும் தம்பி தங்கையின் பாட்டை போனில் கேட்க அனுமதியுங்கள். இதற்கு நிதி ஒதுக்கீடுகூடத் தேவையில்லை.

எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகமும் அடுத்த கல்வியாண்டுக்குள் கூட்டுப் படிப்பைத் தொடங்க வேண்டும். மருத்துவமனைப் பயிற்சி இல்லாமல் சான்றிதழ் மட்டும் விற்கும் நிலையங்களுக்கு அரசு வளாகங்களில் இடம் தரக் கூடாது.

மருத்துவமனை நிர்வாகங்கள் ஆணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஆண்டறிக்கையை எடுத்துப் பாருங்கள். இசை சிகிச்சை என்ற தலைப்பில் எத்தனை நிகழ்ச்சிகளை எண்ணிக் காட்டியிருக்கிறீர்கள்? அவற்றில் எத்தனைக்கு ஒரு குழந்தையின் கோப்பிலாவது ஒரு வரிக் குறிப்பு இருக்கிறது? குறிப்பு இல்லாத ஒவ்வொன்றையும் அந்தத் தலைப்பிலிருந்து நீக்கித் திருத்திய அறிக்கையை வெளியிடுங்கள். குழந்தைகளின் முகம் தெரியும் படங்களை இந்த வாரமே இணையத்திலிருந்து எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டோம் என்று அந்தப் பெற்றோருக்குக் கடிதம் எழுதித் தெரிவியுங்கள். பிள்ளையை இழந்தவர்களுக்கு நேரில் போய்ச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள்.